14–12: தம்பிக்கு அப்பா எழுதும் கடிதம்

அன்புள்ள தம்பி,

வீட்டை இந்த மாத இறுதியில் ஒப்படைக்கிறோம். அம்மா சமையலறையைக் கட்டி முடித்துவிட்டார். உன் அறையை நான் பொறுப்பெடுத்தேன். மேசையை இழுத்தபோது சுவரோடு ஒட்டிக் கிடந்த அந்தச் சாம்பல் நிற இணையக் கம்பி கையில் அகப்பட்டது. ஒரு முனையில் பிளாஸ்டிக் நாக்கு இல்லை. அது கழன்று விழாமலிருக்க நீ சுற்றிய மஞ்சள் நாடா இன்னும் பசை விடாமல் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு கட்டில் விளிம்பில் வெகுநேரம் இருந்தேன். நோர்வேயின் இந்த வட கரையில் நவம்பர் கடைசியோடு சூரியன் போய்விட்டது. நண்பகல் பன்னிரண்டு மணிக்கும் விளக்கைப் போட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

இதை உன் கைபேசிக்கு மட்டும் அனுப்பாமல் எல்லாரும் படிக்கும் இடத்தில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. 2017 பொங்கல் ஒன்றுகூடலில் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, கணினி விளையாட்டும் இரவிரவாக நடக்கும் அலட்டலும் தின்றுவிட்ட பிள்ளை ஒன்றை எனக்குத் தெரியும் என்று பேசினேன். பெயர் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை. மூன்றாவது வரிசையில் நீ இருந்தாய், மண்டபமே திரும்பி உன்னைப் பார்த்தது. சபையில் சொன்னதைச் சபையில்தான் திருப்பி எடுக்க வேண்டும். அன்று கைதட்டியவர்களில் சிலர் இதையும் படிப்பார்கள். ஆகவே சில இடங்களில் அடக்கித்தான் எழுதுவேன். மீதியை நீயே நிரப்பிக்கொள்.

2016 ஏப்ரல். மறுநாள் உனக்குக் கணிதத் தேர்வு, எனக்கு ஆறு மணி வேலை. இரவு பதினொன்று தாண்டியும் உன் அறையிலிருந்து சத்தம் வந்துகொண்டிருந்தது. ‘பின்னால், பின்னால்’ என்று நீ நொர்வீஜிய மொழியில் கத்தினாய். இந்த வட கரையின் பேச்சு வழக்கில், தொழிற்சாலையில் என்னை வேலை வாங்கிய மேலாளர் பேசும் அதே ஓசையில், என் பிள்ளை கத்துவதைக் கேட்க எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று இன்றுவரை சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கதவைத் திறந்தேன். நீ திரும்பவில்லை. காதை மூடிய ஒலிப்பானுக்குள் நாலு பேர் இருந்தார்கள். உன் திரையில் மணல் நிறச் சுவர்களும் மேலே இரண்டு எண்களும் தெரிந்தன. 14, 12. கையைக் கணினிக்குப் பின்னால் விட்டுக் கம்பியைப் பிடித்து இழுத்தேன். அதன் நாக்கை அமுக்கித்தான் கழற்ற வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. முறிந்த சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு அந்த அறையில் நான் சொன்ன சொற்கள் இங்கே வேண்டாம்.

கம்பியைச் சுருட்டி என் வேலை மேலங்கியின் பையில் போட்டுக்கொண்டேன். காலையில் அதனோடுதான் தொழிற்சாலைக்குப் போனேன். கொட் மீனின் முள் எடுக்கும் மேசையில் நின்றபடி மூன்று நாள் அதை இடுப்பருகே சுமந்தேன். நான்காம் நாள் உன் மேசையில் வைத்தபோது அதில் மீன் மணம் இருந்தது என்று அம்மா சொன்னார். நீ ஒன்றும் சொல்லவில்லை. நாடாவை எடுத்துச் சுற்றினாய்.

அது ஐவர் ஐவராக மோதும் ‘கவுண்டர்-ஸ்ட்ரைக்’ என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டு என்பதும், பதினாறு சுற்றுகளை முதலில் வெல்பவர்களுக்கே ஆட்டம் என்பதும், ஐவரில் ஒருவன் மறைந்துவிட்டால் மற்ற நால்வரும் ஐவருக்கு எதிராகத் தொடர வேண்டியிருக்கும் என்பதும், அந்த இரவு உங்களுக்குத் தகுதிச் சுற்று என்பதும் அப்போது எனக்குத் தெரியாதவை. தெரிந்திருந்தால் விட்டிருப்பேனா? பொய் சொல்ல விரும்பவில்லை, தம்பி. விட்டிருக்கமாட்டேன். இரண்டு சுற்று பொறுத்திருப்பேன், அவ்வளவுதான். காலை ஐந்து மணிக்கு எழுந்து, பனிக்கட்டி உருகிய நீரில் கை விறைக்க எட்டு மணி நேரம் நிற்கும் ஒருவனுக்குப் பிள்ளையின் தேர்வைத் தவிர வேறு கணக்கு இருக்காது. அந்தக் கணக்கில் பிழை இருந்தது என்று நான் இப்போதும் முழுமையாக நம்பவில்லை. ஆனால் கதவைத் தட்டியிருக்க வேண்டும். என்ன நடக்கிறது என்று ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். கம்பியை மேலங்கிப் பையில் கொண்டுபோயிருக்கக் கூடாது; அது தண்டனையைத் தாண்டிய செயல்.

அதே ஆண்டு ஓகஸ்ட்டில் பெர்கன் அருகேயுள்ள கார்ணெஸ் உயர்நிலைப் பள்ளியில் இதே விளையாட்டைப் பாடமாகவே எடுக்கலாம் என்ற செய்தி வந்தபோது, ஓய்வறையில் நாளிதழை மடித்து வைத்துவிட்டேன். உன்னிடம் காட்டவில்லை. 2019இல் நோர்வேயைச் சேர்ந்த பதினாறு வயதுப் பையன் ஒருவன், ஒஸ்திரியப் பையனோடு சோடி சேர்ந்து, நியூயோர்க்கில் ஃபோர்ட்நைட் உலகக் கோப்பையை வென்று முப்பது இலட்சம் டொலரைப் பகிர்ந்துகொண்டான். அப்போது தொழிற்சாலையில் ஒருவர், ‘உன் மகனும் விளையாடுவானே’ என்றார். நான் பேச்சை மாற்றினேன். பரிசுப் பணத்தைப் பார்த்து நான் மனம் மாறினேன் என்று நீ நினைத்துவிடுவாயோ என்ற பயமும் இருந்தது. என் மனம் மாறியதற்குக் காரணம் வேறு.

சென்ற மாதம் வீட்டு விற்பனைக்காக மின்னிணைப்புகளைப் பரிசோதிக்க ஓர் இளைஞன் வந்தான். உன் அறைக்குள் நுழைந்ததும் நின்றுவிட்டான். அந்த ஐவரில் தானும் ஒருவன் என்றான். ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அவனுக்கு எண்கள் மறக்கவில்லை. ‘14–12. அன்றைக்கு உங்கள் வீட்டில் இணையம் விழாமலிருந்தால் நாங்கள் வென்றிருப்போம்’ என்று சிரித்தபடி சொன்னான். இணையம் விழுந்தது என்று யார் சொன்னது என்று கேட்டேன். நீதான் சொன்னாயாம். அன்றும் அதற்குப் பிறகும் அதையே சொன்னாயாம்.

அவன் போன பிறகு அம்மாவிடம்கூட நான் பேசவில்லை. பதினாறு வயதில் நீ என்னை அவர்களிடம் காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றினாயா, இல்லை என்னைப் போல ஒரு அப்பன் இருப்பதைச் சொல்ல வெட்கப்பட்டாயா? இரண்டில் எது என்று தெரிந்துகொள்ளும் உரிமை எனக்கு உண்டா என்பதும் தெரியவில்லை. ஒன்றை மட்டும் கேட்பேன்: நாலு பேருக்காக ஒரு பொய்யைக் கட்டிக் காத்த நீ, எனக்கு ஒரு உண்மையைச் சொல்லியிருக்கலாமே? ‘அப்பா, நாங்கள் தோற்றோம்’ என்று ஒரு வரி. உன் வாயிலிருந்து அது வந்திருந்தால் நான் அந்த ஒலிவாங்கியைத் தொட்டிருக்கமாட்டேன். குற்றத்தை உன் பக்கம் தள்ளுகிறேன் என்று இதைப் படிப்பவர்கள் நினைக்கலாம். தள்ளவில்லை. ஆனால் அந்த மௌனம் எனக்கும் வலித்தது என்பதை எழுதாமல் விட்டால் இந்தக் கடிதம் பாதிதான்.

பொங்கலுக்குப் பிறகு ஓராண்டு நீ என்னோடு பேசவில்லை. 2018 ஜனவரி 28ஆம் நாள் இரவுதான் கைபேசியில் உன்னிடமிருந்து செய்தி வந்தது: ‘15–11, அப்பா.’ அவ்வளவுதான். பேருந்து நேரமா, வீட்டு எண்ணா என்று விளங்காமல் விடியும்வரை முழித்திருந்தேன். மறுநாள் வேலையில் ஓர் இளம்பெடியன் விளக்கினான். நீ ஆடிய அதே விளையாட்டின் பெரிய உலகப் போட்டிகளில் ஒன்றான பொஸ்டன் மேஜரின் இறுதியாட்டம். நம் நாட்டு ஹோவார்ட் நீகார்ட், நீங்கள் ரெயின் என்று அழைக்கிறவர், ஆடிய ஃபேஸ் அணி கடைசி வரைபடத்தில், அதாவது கடைசி ஆட்டக்களத்தில், 15–11 என்று முன்னிலையில் இருந்தது. இன்னும் ஒரே ஒரு சுற்று போதும். அதை எடுக்க முடியாமல் இரண்டு கூடுதல் நேரம் போய் 22–19 என்று கிளவுட் நைன் அணியிடம் தோற்றார்கள். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அந்த நேரத்தில் 14–12 நினைவுக்கு வரவில்லை. உனக்கு வந்திருக்கும். அதனால்தான் எனக்கு எழுதினாய் என்று இப்போது தோன்றுகிறது.

‘மிகவும் கவலை’ என்று பதில் போட்டேன். அங்கிருந்து தொடங்கியதுதான் இந்த ஏழு, எட்டு ஆண்டு அலட்டல். நான் எந்தப் பேச்சை மேடையேறித் திட்டினேனோ அதே பேச்சில் நீ எனக்கு ஓர் இடம் கொடுத்தாய். நாளுக்கு இரண்டு, மூன்று செய்தி. பனிச்சறுக்குக்காரர் பின்தங்கினால் சறுக்குப் பலகையில் பூசிய மெழுகு சரியில்லை என்பாய். யாராவது முன்னிலையைக் கைவிட்டால், அது கைப்பந்தாக இருந்தாலும் ஓட்டப்பந்தயமாக இருந்தாலும், ‘15–11’ என்று எழுதுவாய். நானும் எழுதக் கற்றுக்கொண்டேன். 2021 ஒக்டோபரில் ஆர்க்டிக் வட்டத்துக்கு மேலேயுள்ள பூடோவில் கிளிம்ட் காற்பந்து அணி இத்தாலியின் ரோமாவை 6–1 என்று அடித்த இரவு, ஒவ்வொரு கோலுக்கும் ஓர் எண்ணை மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தாய். 2022 மே மாதம் அன்ட்வெர்ப்பில் ரெயின் ஒருவழியாக ஒரு மேஜரை வென்று, தொடரின் சிறந்த வீரராகவும் தேர்வானபோது நீ எழுதியது: ‘இணையம் விழவில்லை.’ அன்று எனக்கு அந்த வரி விளங்கவில்லை. சென்ற மாதம்தான் விளங்கியது.

எல்லாச் செய்தியும் இனித்தது என்று சொல்லமாட்டேன். 2024 ஜூலையில் துரொன்ஹைம் காற்பந்து மைதானத்தில் வீடியோ நடுவர் முறையை எதிர்த்து இரசிகர்கள் மீன் கேக்குகளை எறிந்து ஆட்டத்தையே நிறுத்தியபோது, ‘அப்பா, உங்கள் மீன் பறக்கிறது’ என்று படத்தோடு அனுப்பினாய். எனக்குச் சுருக்கென்றது. முப்பத்தைந்து ஆண்டு நான் முள் எடுத்த உணவை ஊரே சிரிக்கத் தரையில் எறிகிறார்களே என்று இரண்டு நாள் பதில் போடவில்லை. அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு, தொலைக்காட்சித் திரைக்காகப் பார்வையாளன் கோலுக்குப் பிறகு மூன்று நிமிடம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது என்று நீ நீளமாக எழுதினாய். நியாயம் இருக்கலாம். ஆனாலும் உணவை எறிவதை நான் ஏற்கமாட்டேன். அதை உனக்குக் கற்றுக்கொடுத்தேன் என்றே நினைத்திருந்தேன்.

சதுரங்கம்தான் நம் பழைய புண். 2013 நவம்பரில் ஆனந்தும் கார்ல்சனும் சென்னையில் மோதியபோது இங்கே முழு நாடும் வேலையை விட்டுப் பலகையைப் பார்த்தது. ஒன்பதாவது ஆட்டம் ஓய்வறைத் தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருந்தது. 28ஆவது நகர்த்தலில் ஆனந்த் குதிரையைப் பிழையாக வைத்தார்; சிப்பாயாகப் புறப்பட்டு ராணியாகிவிட்ட கார்ல்சனின் காய் நகர்ந்ததும் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். அந்த அறையில் கவலைப்பட்ட ஒரே ஆள் நான். வீட்டுக்கு வந்தால் நீ துள்ளிக் குதித்துக்கொண்டிருந்தாய். நம் ஆளல்லவா தோற்றது என்று கத்தினேன். பதினாலு வயதில் நீ மிகவும் அமைதியாகக் கேட்டாய்: ‘அப்பா, உங்களுக்குச் சென்னையில் யாரைத் தெரியும்?’ யாரையும் தெரியாது. யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்ட நான் அந்த ஊரை ஒரு நாளும் கண்டதில்லை. கார்ல்சனோ உன் நாட்டுக்காரர், உன் மொழி பேசுகிறவர். பதில் இல்லாததால்தான் உன்னை அறைக்குப் போகச் சொன்னேன்.

2025 ஜூன் முதலாம் நாள் ஸ்தவாங்கரில் குகேஷ் கார்ல்சனை வென்றார். கார்ல்சன் மேசையில் குத்தும் காணொளியை நீ அனுப்பினாய். ‘பாவம் கார்ல்சன்’ என்று எழுதினேன். உண்மையாகவே அவருக்காக மனம் இரங்கியது. சிறிது நேரத்தில் உன் பதில் வந்தது: ‘பாவம் ஆனந்த்.’ பன்னிரண்டு ஆண்டுகள் அதை மனதில் வைத்திருந்தாயா, தம்பி? அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. 1998 ஜூன் 23, நீ பிறப்பதற்கு ஓராண்டு முன்பு. பிரான்சின் மார்செயில், உலகக் கோப்பைக் காற்பந்தில் பிரேசிலுக்கு எதிரான ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் நோர்வேயின் ரெக்டால் தண்ட உதை அடித்து 2–1 என்று வென்றோம். இரவு பதினொரு மணிக்கு வெளியே வந்தால் சூரியன் துறைமுகத்தின் மேல் மஞ்சளாக நிற்கிறது. ஊர் முழுவதும் தெருவில். பத்து ஆண்டுகள் ஒரே மேசையில் நின்றும் என் பெயரைச் சரியாகச் சொல்லாத மனிதர் ஒருவர் ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தார். வேட்டையில் சேர்ந்துகொண்ட நாயைப்போல நானும் அவரோடு கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது, தமிழ்தான். இந்த நாட்டில் எனக்கு ஓர் இடம் இருக்கிறது என்று நான் நம்பிய முதல் இரவு அது. அப்படிப்பட்டவன்தான் உன்னிடமிருந்து அதே உணர்வைக் கம்பியோடு பிடுங்கிக்கொண்டுபோனான்.

2025 நவம்பர் 16, சான் சீரோ மைதானம், இத்தாலிக்கு எதிரான உலகக் கோப்பைத் தகுதி ஆட்டம். நாம் ஒரு கோல் பின்தங்கியிருந்தபோது நீ எதுவும் எழுதவில்லை. நைஜீரியத் தந்தைக்கும் நோர்வேத் தாய்க்கும் பிறந்த நூசா சமன் செய்ததும் மூன்று வியப்புக்குறி அனுப்பினாய். அவரைப் பற்றி ஓய்வறைகளில் நான் கேட்ட பேச்சுகள் உண்டு, அவற்றை இங்கே எழுதுவதில்லை, உனக்குத் தெரியும். பிறகு ஹாலண்ட் அடுத்தடுத்து இரண்டு, முடிவில் ஸ்ட்ராண்ட் லார்சன். 4–1. இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு உலகக் கோப்பை. நீ தொலைபேசியில் அழைத்தாய். எழுதவில்லை, அழைத்தாய். இருவரும் அரை நிமிடம் மூச்சு வாங்கியது மட்டும்தான் கேட்டது. பிறகு நீ ‘சரி அப்பா, படுங்கள்’ என்று வைத்துவிட்டாய். இன்னும் கொஞ்சம் நின்றிருக்கலாம் நீ.

2017இல் மேடையில் நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். உன்னை எதுவும் தின்றுவிடவில்லை. அதைச் சொல்ல எனக்கு எந்தத் தகுதியும் இருக்கவில்லை. கம்பியைப் பிடுங்கியதற்கும் மன்னிப்புக் கேட்கிறேன். நித்திரைக்குப் போகச் சொன்னதற்குக் கேட்கவில்லை.

2026 ஜூனில் உலகக் கோப்பையில் பிரான்சையும் செனகலையும் அமெரிக்காவில் சந்திக்கிறோம். சில ஆட்டங்கள் நமக்கு நள்ளிரவுக்குப் பிறகு வரும். எனக்கு இனி ஆறு மணி வேலை இல்லை. புது வீட்டில் உனக்கென்று ஓர் அறை ஒதுக்கியிருக்கிறோம், இணையம் சுவரிலேயே இருக்கிறது. இந்தக் கம்பியை எறிய மனம் வரவில்லை. மஞ்சள் நாடாவோடு ஒரு சிறு பெட்டியில் வைத்திருக்கிறேன். உனக்கு வேண்டுமென்றால் கொண்டுவருகிறேன். வேண்டாமென்றால் அதையும் ஒரு வரியில் சொல்லிவிடு.

அப்பா