சொந்த விருப்பத்தின் பேரில்னு எழுதி வாங்கிடறாங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மதுரை ஜில்லா கோர்ட் பக்கத்துல இருபது வருஷமா ஜெராக்ஸ், டைப்பிங் கடை வச்சிருக்கேன். வக்கீல் குமாஸ்தாக்கள் கொண்டு வர்ற மனுவ டைப் அடிச்சுக் கொடுக்கிறதுதான் பொழப்பு. காலேஜ் பசங்களுக்கு ஒழுக்கம் கெட்டுப்போச்சு, தப்பு பண்றவன உடனே டிஸ்மிஸ் பண்ணி அனுப்பணும்னு ஒரு வாசகர் எழுதியிருந்த கடிதத்தப் படிச்சேன், படிச்சதுல இருந்து மனசே ஆறல, அதான் எழுதுறேன்.

என் தங்கச்சி மக ஒரு தனியார் காலேஜ்ல பிஎஸ்சி நர்சிங் மூணாவது வருஷம். ஹாஸ்டல் தண்ணி டேங்க்ல புழு நெளியுறத போட்டோ எடுத்து கிளாஸ் வாட்ஸ்ஆப் குரூப்ல போட்டா, அத யாரோ வெளிய அனுப்பிட்டாங்க, மறுநாள் காலைல எட்டு மணிக்கு என் தங்கச்சிக்கு போன், உடனே கெளம்பி வாங்கன்னு. இவ அலறியடிச்சு ரெண்டு பஸ் மாறிப் போனா ஆபீஸ் ரூம்ல மூணு பேரு உக்காந்திருக்காங்க, புள்ள ஓரமா நின்னு அழுதுக்கிட்டு இருக்கா, டேபிள் மேல ரெண்டு பேப்பர் ரெடியா இருக்கு. ஒன்னு மன்னிப்புக் கடிதம். இன்னொன்னு 'குடும்ப சூழ்நிலை காரணமாக எனது சொந்த விருப்பத்தின் பேரில் படிப்பை நிறுத்திக்கொள்கிறேன்'. கையெழுத்து போட்டா டிசில நல்ல நடத்தைன்னு எழுதித் தர்றோம், போடலன்னா போலீஸ் கம்ப்ளைன்ட்தான், அப்புறம் எந்த காலேஜ்லயும் சீட் கிடைக்காதுன்னு சொல்லியிருக்காங்க. படிப்பறிவு கம்மியான தாய், பொம்பளப்புள்ள விஷயம், போலீஸ்னு சொன்னதும் கை நடுங்கிப்போய் போட்டுட்டா. புள்ளையும் போட்டுட்டா. சாயங்காலம் நாலு மணிக்கு அவ ட்ரங்க் பெட்டியும் பக்கெட்டும் கேட்டுக்கு வெளிய வந்துருச்சு, காலைல துவைச்சுப் போட்டிருந்த வெள்ளை யூனிபாரம் காயக்கூட இல்ல, ஈரத்தோட ஒரு பாலிதீன் கவர்ல சுருட்டிக் கொடுத்திருந்தாங்க.

அழுது கெஞ்சி அந்தப் பேப்பருக்கு ஒரு ஜெராக்ஸ் வாங்கிட்டு வந்தா என் தங்கச்சி. நான் டைப் அடிக்கிறவன், கையில வாங்கினதும் எனக்கு அடிவயிறு கலங்கிருச்சு. பேரு, ரோல் நம்பர், தேதி இந்த மூணு இடத்துல மட்டும் கோடு போட்டு விட்டு பேனாவால நிரப்பியிருக்கு, மத்ததெல்லாம் பிரிண்ட், அதுவும் ஜெராக்ஸ்லருந்து ஜெராக்ஸ் எடுத்து எழுத்து மங்கிப்போன பிரிண்ட். அப்படின்னா அந்த ஃபார்ம் என் மருமகளுக்காக அடிச்சது இல்லீங்க. அவளுக்கு முன்னாடி எத்தன புள்ளைங்க அதுல கையெழுத்து போட்டுட்டு ஊருக்குப் போச்சுதுங்களோ.

ஏன் இப்படி எழுதி வாங்குறாங்கன்னா, நேரா டிஸ்மிஸ் பண்ணா சட்டம் குறுக்க வரும். ஒரு மாணவன வெளிய அனுப்பணும்னா அவன் மேல என்ன குற்றச்சாட்டுன்னு சொல்லி, பதில் சொல்ல அவகாசம் கொடுத்து, காரணம் எழுதின ஆர்டர் போடணும். 1962லயே உத்தரப் பிரதேச தேர்வு போர்டு வழக்குல சுப்ரீம் கோர்ட் இத சொல்லிருச்சு, காப்பி அடிச்சதா ரிசல்ட்ட ரத்து பண்ண பசங்களுக்குக்கூட விளக்கம் சொல்ல வாய்ப்பு கொடுத்திருக்கணும்னு. 1973ல ராஞ்சி மெடிக்கல் காலேஜ் வழக்கு ஒன்னு இருக்கு, பெண்கள் ஹாஸ்டல்ல புகுந்து அட்டூழியம் பண்ண பசங்கள ரெண்டு வருஷம் நீக்குனது சரின்னு கோர்ட் சொல்லுச்சு, புகார் கொடுத்த பொண்ணுங்க பேர சொல்ல வேண்டாம், குறுக்கு விசாரணையும் வேண்டாம்னு சொல்லுச்சு. அதுவும் நியாயம்தான். ஆனா அந்தப் பசங்களக்கூட கமிட்டி கூப்பிட்டு உங்க மேல இன்ன புகார்னு சொல்லி பதில் கேட்டுச்சு. புழு போட்டோ எடுத்த புள்ளைக்கு அதுகூட கிடைக்கல.

தப்பு பண்ணவன விட்டுடச் சொல்லல நான். 1996ல சிதம்பரத்துல மெடிக்கல் மாணவர் நாவரசுவ ராகிங்ல கொன்னாங்க, அதுக்கப்புறம்தான் 1997ல தமிழ்நாட்டுல ராகிங் தடுப்புச் சட்டம் வந்துச்சு, அந்த மாதிரி விஷயத்துல தயவு தாட்சண்யமே கூடாது. ஆனா அதுக்கும் விசாரணை, ஆர்டர்னு இருக்குல்ல. 'சொந்த விருப்பம்'னு எழுதி வாங்கிட்டா ஆர்டரே இல்ல, ஆர்டர் இருந்தாத்தான கோர்ட் அத ரத்து பண்ண முடியும். நாங்க டிஸ்மிஸ் பண்ணவே இல்லையே, அவங்களா எழுதிக் கொடுத்துட்டு போனாங்கன்னு முடிச்சிருவாங்க.

நாங்க பண்ணத சொல்றேன், யாருக்காவது உபயோகப்படும். மறுநாள் காலைல முதல் வேலையா, மிரட்டி வாங்கின கையெழுத்து, என் படிப்ப நிறுத்த எனக்கு இஷ்டம் இல்ல, என் மேல என்ன புகார்னு எழுத்துல கொடுங்கன்னு புள்ள பேர்ல ஒரு லெட்டர் அடிச்சு பிரின்சிபாலுக்கும் யுனிவர்சிட்டி பதிவாளருக்கும் ரிஜிஸ்டர் தபால் வித் அக்னாலெட்ஜ்மென்ட்ல அனுப்புனோம். அந்த மஞ்ச கலர் கார்டு திரும்பி வந்ததுதான் எங்களுக்கு இன்னிக்கு வரைக்கும் பெரிய சாட்சி. எங்க வக்கீல் ஐயா சொன்னாரு, இந்த லெட்டர் ஒரு மாசம் கழிச்சுப் போயிருந்தா நான் கேஸே எடுத்திருக்க மாட்டேன்னு. என் கடைக்கு வர்ற நெறைய பேர் இங்கதான் கோட்ட விடுறாங்க, அரசியல்வாதிய பாக்குறது, டிரஸ்டி வீட்டு வாசல்ல நிக்கிறது, சாதிச் சங்கத் தலைவர்கிட்ட போறதுன்னு மூணு நாலு மாசத்த ஓட்டிட்டு, கடைசில கோர்ட்டுக்கு வந்தா இவ்வளவு நாள் என்ன பண்ணீங்கங்கற கேள்வி மொதல்ல வரும்.

யூஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, 2023ல கொண்டு வந்த விதிப்படி ஒவ்வொரு காலேஜ்லயும் மாணவர் குறைதீர்ப்புக் கமிட்டி இருக்கணும், புகார் கொடுத்த 15 வேலை நாளுக்குள்ள அறிக்கை தரணும். அதுல திருப்தி இல்லன்னா 15 நாளுக்குள்ள யுனிவர்சிட்டி ஓம்புட்ஸ்பர்சன்கிட்ட, அதாவது மாணவர் குறைய விசாரிக்கிற நடுவர்கிட்ட, அப்பீல் போகலாம், ரிட்டையர்டு மாவட்ட நீதிபதியோ முன்னாள் துணைவேந்தரோ பேராசிரியரோ அந்தப் பொறுப்புல இருப்பாங்க, அவங்க 30 நாளுக்குள்ள முடிக்கணும். இவங்க விவரத்தையெல்லாம் வெப்சைட்லயும் ப்ராஸ்பெக்டஸ்லயும் போடணும்னு விதியே இருக்கு. என் மருமக காலேஜ் ப்ராஸ்பெக்டஸ அட்டையிலிருந்து அட்டை வரைக்கும் புரட்டிட்டேன், நீச்சல் குளம் போட்டோ இருக்கு, இது இல்ல.

தனியார் காலேஜ் மேல ரிட், அதாவது ஹைகோர்ட்ல நேரா போடுற மனு, போட முடியாதுன்னு சில பேர் சொல்லி அனுப்பிடறாங்க, அது தப்பு. அரசியல் சட்டத்தோட 226வது பிரிவுல பொதுக் கடமை செய்யிற தனியார் நிறுவனம் மேலயும் ரிட் போகும். 2015ல நம்ம தமிழ்நாட்டு நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஒன்னுல வேலைய விட்டு எடுத்த ஒரு ஆசிரியை போட்ட வழக்குலயே சுப்ரீம் கோர்ட் அத தெளிவா சொல்லியிருக்கு. வக்கீலுக்குக் கொடுக்க காசு இல்லன்னும் உக்காந்துடாதீங்க, 1987 சட்ட உதவிச் சட்டப்படி பெண்களுக்கும் எஸ்சி எஸ்டி மக்களுக்கும் இன்னும் சில பிரிவினருக்கும் வருமானமே பாக்காம இலவசமா வக்கீல் கொடுக்கணும், மத்தவங்களுக்கு வருமான வரம்பு உண்டு. ஜில்லா கோர்ட்ல கேட்டா அந்த சட்ட உதவி ஆபீஸ் எங்கன்னு சொல்லுவாங்க. தாயே பக்கத்துல நின்னு கெஞ்சினாலும் புள்ளைங்க வெத்துப் பேப்பர்லயோ ரெடிமேட் ஃபார்ம்லயோ கையெழுத்து போடாதீங்க. வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் படிச்சுட்டு நாளைக்கு தர்றேன்னு சொல்லுங்க, அத சொல்றதுக்கு எந்த சட்டமும் தடை போடல.

யுனிவர்சிட்டிகாரங்களுக்கு உங்க பேப்பர் மூலமா ஒரே ஒரு கோரிக்கை. பாதியில ஒரு மாணவி படிப்ப நிறுத்துறான்னு காலேஜ்லருந்து கடிதம் வந்தா, பேர அடிக்கறதுக்கு முன்னாடி அந்தப் புள்ளைக்கு நேரா ஒரு போன் போட்டு உனக்கு இஷ்டம்தானாம்மான்னு கேளுங்க. ரெண்டு நிமிஷ வேலை.

எங்க வழக்கு ஒத்தக்கடை ஹைகோர்ட் கிளையில நடக்குது. இடைக்கால உத்தரவு வாங்கி புள்ள பரீட்சை எழுதிட்டா, தீர்ப்பு வர்ற வரைக்கும் ரிசல்ட்ட வெளிய விட மாட்டாங்க. எஸ்எஸ்எல்சி, பிளஸ் டூ மார்க் ஷீட் ஒரிஜினல் இன்னும் காலேஜ் பீரோவுலதான் இருக்கு, மீதி வருஷத்துக்கும் ஃபீஸ் கட்டினாத்தான் தருவாங்களாம். சர்டிபிகேட் அடமானப் பொருள் கிடையாது, அத பிடிச்சு வைக்கக் கூடாதுன்னு மெட்ராஸ் ஹைகோர்ட்டே சொல்லியிருக்கு, அந்த உத்தரவ வச்சு தனியா ஒரு மனு போடுறோம். அத நேத்து ராத்திரி நானே உக்காந்து டைப் அடிச்சேன், எழுத்துப்பிழை இருக்கான்னு பக்கத்துல உக்காந்து வரி வரியா படிச்சுப் பாத்தது என் மருமகதான்.

இப்படிக்கு,
ஒரு டைப்பிங் கடைக்காரர், மதுரை
(வழக்கு நடக்கறதால பேர் போட வேண்டாம்னு கேட்டுக்கிறேன்)