பயிர் நிற்கும்போதே வாருங்கள், அய்யா

மதிப்பிற்குரிய வனச்சரக அலுவலர் அய்யா அவர்களுக்கு,

வணக்கம். குளத்துக்கரை மேட்டுக்காட்டில் 4 ஏக்கர் மானாவாரிக் கடலை போட்டவன் எழுதுகிறேன். எந்தக் காடு என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஐந்து நாள் முன்பு நீங்கள் ஜீப்பை விட்டு இறங்கிப் பார்த்துவிட்டுப் போன அதே காடுதான். கிராம நிர்வாக அலுவலரும் உதவி வேளாண்மை அலுவலரும் கூட வந்திருந்தார்கள். மூன்று துறையும் ஒன்றாக வந்து நின்றதைப் பார்த்து என் அம்மா கும்பிட்டே விட்டார்.

நீங்கள் வந்தது, மான் தின்ற கடலைக்கு இழப்பீடு கேட்டு நான் மனு கொடுத்த 47ஆம் நாள். அதற்குள் மான் தின்றது போக மிச்சம் நின்ற குச்சியை உழுது, புரட்டாசிக் கடைசியில் கொள்ளு விதைத்திருந்தேன். அது முளைத்து இரண்டிலை விட்டிருந்தது. "கொள்ளு நல்லாத்தானுங்களே முளைச்சிருக்குது, சேதாரம் எங்கீங்க?" என்று உங்களோடு வந்த ஒருவர் கேட்டார். செல்போனில் இருந்த படங்களைக் காட்டினேன். கூட்டாய்வில் கண்ணால் பார்க்காததை எழுத முடியாது என்றீர்கள். சரி, விதி அப்படி என்றால் அப்படித்தான். ஆனால் அந்த விதிப்படி பார்க்க வேண்டியதை, அது இருக்கும்போது வந்து பார்த்திருக்கலாமே அய்யா? நான் கேட்பது அது ஒன்றைத்தான். பயிர் நிற்கும்போதே வாருங்கள்.

ஆடிப் பதினெட்டுக்கு விதைத்த கடலை. முப்பதாம் நாள் வாக்கில் காடு முழுக்க மஞ்சளாகப் பூத்து நின்றது. பூ மண்ணைப் பார்த்து விழுது இறக்குகிற நேரத்தில் கொழுந்து போனால் அப்புறம் அந்தச் செடியை நம்பிப் பயனில்லை. சரியாக அந்த நேரத்தில்தான் குளத்துக்குள் இருந்து மான்கள் ஏறி வந்தன. இரவு ஒரு மணி இருக்கும். டார்ச் அடித்தால் வரப்புக்கு அந்தப் பக்கம் ஜோடி ஜோடியாகக் கண். 24 உருப்படி வரை எண்ணினேன், அதற்கு மேல் எண்ணிக்கை நிற்கவில்லை. சத்தம் போட்டால் காதை மட்டும் திருப்புகின்றன. கல்லை எடுத்தால் இருபது அடி தள்ளிப் போய், அங்கே நின்று மேய்கின்றன. தகர டின்னைத் தட்டிக்கொண்டே காட்டைச் சுற்றினேன். நான் மேற்கே போனால் அவை கிழக்கே. விடிய விடிய இந்த ஆட்டம். நாலரை மணிக்குப் பால் கறக்க ஆள் வேண்டும் என்று வீட்டிலிருந்து போன் வந்தபோதுதான் உட்கார்ந்தேன்.

விடிந்து பார்த்தால் ஏதோ மொட்டை அடித்த மாதிரி காடு. அதில் ஒன்றைக் கவனித்தேன். முயல் கடித்தால் கத்தியால் சீவின மாதிரி வெட்டு சுத்தமாக இருக்கும். மானுக்கு முன்வாயில் மேல்பல் கிடையாது, பிடித்து இழுத்துத்தான் கிழிக்கும். அதனால் தண்டின் நுனியெல்லாம் நார் நாராகத் தொங்கியது. கடித்தது எது என்று கண்டுபிடிக்க நிபுணர் தேவையில்லை, அந்த நாரே சாட்சி. அதைத்தான் நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நாலு நாளில் காய்ந்து உதிர்ந்துவிட்டது. நாற்பத்தேழு நாள் நார் நிற்குமா?

நாங்கள் ஒன்றும் செய்யாமல் கையேந்துகிறோம் என்று நினைத்துவிடாதீர்கள். என் மனைவியின் பழைய சேலை 31ஐ வேலியில் கட்டினோம். மூன்று நாள் மான் மிரண்டது. நாலாம் நாள் சேலைக்குக் கீழேயே படுத்து அசை போட்டது. சலூனில் சொல்லி வைத்து இரண்டு சாக்கு முடி வாங்கிவந்து வரப்பெல்லாம் தூவினேன். முட்டையை அழுக வைத்துத் தெளித்தேன். அதனால் மான் வந்ததோ இல்லையோ, நாங்கள் ஒரு வாரம் காட்டுப் பக்கம் சோறு உண்ணவில்லை. ஒரு தூறலில் அதுவும் போயிற்று. ஐந்தடிக் கம்பி வேலியை நின்ற இடத்திலிருந்தே தாண்டுகிறது. எட்டடி வேண்டும் என்கிறார்கள். கம்பி வலைக்காரர் அளந்து பார்த்துவிட்டு, 4 ஏக்கரைச் சுற்ற நாலு லட்சத்துக்குக் குறையாது என்றார். கடலை நல்லபடி விளைந்து நல்ல விலைக்குப் போனாலும் அதில் பாதிகூடக் கையில் மிஞ்சாது.

மின்சாரத்தை நேராக வேலிக் கம்பியில் கொடுத்துவிடு என்று சொல்லவும் ஊரில் ஆள் இருக்கிறார்கள். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளிப் பக்கம் அப்படி ஒரு வேலியில் மூன்று யானைகள் விழுந்து கிடந்த படத்தைப் பார்த்தவன் நான். தாயில்லாமல் நின்ற இரண்டு குட்டிகளையும் பார்த்தேன். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். மானை என்றில்லை, ராத்திரியில் வரப்போடு நடந்து வருகிற மனுசனையும் அது சேர்த்துத்தானே கொல்லும்?

எங்கள் பக்கம் காடு என்றால் விளைநிலம். உங்கள் துறையில் காடு என்றால் வேறு. மான் எங்கள் அகராதியைத்தான் படித்திருக்கிறது போல. காப்புக்காடு இங்கிருந்து 20 கிலோமீட்டருக்கு அப்பால். இந்த மான்கள் பிறப்பதும் குட்டி போடுவதும் குளத்துக்குள் மண்டிக்கிடக்கிற சீமைக்கருவேலத்தில். குளம் ஒரு துறைக்கு, மான் உங்கள் துறைக்கு, கடன் மட்டும் எனக்கு. குளத்துக்காரரிடம் போனால் மான் வனத்துறையுடையது என்கிறார்கள். உங்களிடம் வந்தால் இது வனப்பகுதி இல்லை என்கிறீர்கள். அப்படியானால் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் மட்டும் என் வரப்புவரைக்கும் எப்படி வந்தது?

காட்டுப்பன்றிக்கு 2025 ஜனவரியில் ஒரு வழி சொன்னது அரசு. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் கை வைக்கக்கூடாது, 1 முதல் 3 வரை பிடித்துக் காட்டில் விடுவது, 3ஐத் தாண்டினால் வனத்துறையினரே சுடுவது. நிறைகுறை இருக்கலாம், ஆனால் கணக்கென்று ஒன்று இருக்கிறது. மானுக்கு அந்தக் கணக்கும் இல்லை. மானைச் சுடுங்கள் என்று நான் கேட்கவில்லை. என் பேத்தி அதற்குப் பெயரே வைத்திருக்கிறாள். வந்து பாருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

பெரியப்பா மகன் ஒருவன் கனடாவில் இருக்கிறான். இந்தக் கதையைச் சொன்னதும் போனில் சிரித்தான். அங்கே 2018லிருந்து கஞ்சா வளர்ப்பது சட்டப்படியாம், பெரும்பாலான மாகாணங்களில் வீட்டுக்கு 4 செடி வரை. அவன் பக்கத்து வீட்டுக்காரர் கொல்லையில் வைத்த நாலையும் மான் வந்து கொழுந்திலேயே முடித்துவிட்டதாம். அவரும் சோப்பைக் கட்டித் தொங்கவிட்டு, முடியைத் தூவி, கடைசியில் எட்டடி வேலிக்குத்தான் வந்து நின்றாராம். மானுக்குக் கடலையும் ஒன்று, கஞ்சாவும் ஒன்று. ஆனால் அரசாங்கத்துக்கு அப்படி இல்லை பாருங்கள். என் கடலைக்கு நடுவே ஒரே ஒரு கஞ்சாச் செடி முளைத்திருந்தால் 47 நாள் ஆகியிருக்குமா? அன்றைக்கு ராத்திரியே ஜீப் வந்திருக்கும். செடியை எண்ணி, எடை போட்டு, படம் பிடித்து, பக்கத்தில் என்னையும் நிற்க வைத்து மறுநாள் பேப்பரில் போட்டிருப்பார்கள். கூட்டாய்வுக்குத் தேதி கேட்டிருக்க மாட்டார்கள்.

மன்னிக்கவும், அது உங்கள் துறை இல்லை. வயிற்றெரிச்சலில் எழுத்து எங்கேயோ போய்விட்டது. உங்கள் அலுவலகத்தில் ஆள் குறைவு என்பதும், இருக்கிற ஒரு ஜீப்பை வைத்துக்கொண்டு நீங்கள் எத்தனை ஊருக்கு ஓடுகிறீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். அன்றைக்கு வெயிலில் நின்று பொறுமையாகத்தான் பேசினீர்கள். மோர்கூட வாங்கிக் குடித்தீர்கள்.

அதனால் பணிவாகவே கேட்கிறேன். மனு வந்தால் பயிர் நிற்கும்போதே வாருங்கள். மூன்று பேரும் சேர்ந்து வர நாள் அமையவில்லை என்றால், முதலில் வனக்காவலர் ஒருவரை மட்டுமாவது அனுப்பி, பார்த்ததை எழுதிவைக்கச் சொல்லுங்கள். மற்ற இருவர் பின்னால் கையெழுத்துப் போடட்டும். கிழிந்த கொழுந்தையும் குளம்புத் தடத்தையும் ஒருவர் கண்ணால் பார்த்திருந்தால் போதும், இழப்பீட்டு மனு உயிரோடு இருக்கும்.

கொள்ளுக்கு இன்றோடு 14 நாள். நேற்று ராத்திரி கிழக்கு மூலையில் முதல் தடம் விழுந்திருக்கிறது, ஒரு பாய் அகலத்துக்குக் கொழுந்து இல்லை. அதன்மேல் ஒரு கூடையைக் கவிழ்த்து, காற்றில் போகாமல் கல் வைத்திருக்கிறேன். மனு இன்று காலை உங்கள் அலுவலகத்தில் கொடுத்தாயிற்று, ரசீதும் வாங்கியாயிற்று. ராத்திரி வருவதானால் காட்டுக் குடிசையில் இன்னொரு கயிற்றுக்கட்டில் போட்டு வைக்கிறேன். குளத்துக்கரை வழியாக வர வேண்டாம் அய்யா, ஜீப் சேற்றில் இறங்கிவிடும். கோவில் பக்கமாக வாருங்கள்.

இப்படிக்கு,
மேட்டுக்காட்டு விவசாயி