இந்த நிலத்தைச் சும்மா விடுவதற்கு நன்கொடை கேட்கிறோம்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

காட்டை ஒட்டிய ஒரு நிலத்தை எல்லோருமாகச் சேர்ந்து வாங்கி, அதைக் கைவைக்காமல் விட்டுவிடுவது எங்கள் குழுவின் திட்டம். பூங்கா அமைக்கப்போவதில்லை, மரக்கன்றும் நடப்போவதில்லை. "சும்மா விடுவதற்கா பணம்?" என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

பெரிய அலகுடைய காட்டுப் பறவையான இருவாச்சி கூடு கட்டுவது முதிர்ந்த மரத்தின் பொந்தில். பெட்டை உள்ளே போய், ஒரு சிறு இடுக்கை மட்டும் விட்டு வாசலை அடைத்துக்கொள்ளும். ஆண் பறவை அந்த இடுக்கு வழியாகத்தான் இரை ஊட்டும். மரம் பல்லாண்டு வளர்ந்து, கிளை ஒடிந்து, ஒடிந்த இடத்தைப் பூஞ்சை அரித்தால்தான் அப்படியொரு பொந்து கிடைக்கும். கன்றுகளை நாளைக்கே ஆயிரக்கணக்கில் நட்டுவிடலாம். பொந்தை எப்படி நடுவது? பட்டுப்போன மரத்தைக்கூட நாங்கள் அப்புறப்படுத்த மாட்டோம். வண்டும் காளானும் மரங்கொத்தியும் அதை நம்பித்தான் இருக்கின்றன.

அமெரிக்காவில் யெல்லோஸ்டோனை 1872இல் தேசியப் பூங்காவாக அறிவித்தபோது, அதன் வெந்நீர் ஊற்றுகளில் என்ன வாழ்கிறது என்று யாருக்கும் தெரியாது. 1960களில் நுண்ணுயிரியலாளர் தாமஸ் பிராக்கும் அவருடைய மாணவரும் அங்கே ஒரு பாக்டீரியாவைக் கண்டுபிடித்தார்கள். அதன் நொதி கடும் சூட்டிலும் கெடாது. சூடேற்றிச் சூடேற்றி மரபணுவைப் பலமடங்கு பெருக்கும் பி.சி.ஆர். சோதனை உலகெங்கும் பரவ அந்த நொதிதான் கைகொடுத்தது. கொரோனா காலத்தில் நம்மில் எத்தனை பேர் அந்தச் சோதனைக்குப் போய் நின்றோம்!

ஆனால் பயன் தருவதை மட்டும் காப்போம் என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. இருவாச்சி யாருக்கும் எதுவும் தராவிட்டாலும் அதன் பொந்து அதற்கு வேண்டும்.

சரி, பணம் எங்கே போகும்? பெரும்பகுதி நிலத்தின் விலைக்கும் பதிவுச் செலவுக்கும். மீதி, தீக்காலத்தில் காவல் இருப்பவர்களின் சம்பளத்துக்கும், வெளிநாட்டிலிருந்து வந்து காட்டை மூடிவிடும் களையான உண்ணிச்செடியை அகற்றும் வேலைக்கும். நாங்கள் கைவைப்பது இந்தக் களையில் மட்டும்தான். ஒருமுறை வெட்டினால் உண்ணிச்செடி போகாது, வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும். சில ஆண்டுகள் விடாமல் பிடுங்க வேண்டும். நிலம் எவருடைய தனிப்பெயரிலும் இருக்காது. விற்கக் கூடாது என்பதைப் பத்திரத்திலேயே எழுதுகிறோம்.

சிறு தொகையானாலும் தயங்காமல் கொடுங்கள். ரசீது உடனே தருவோம், ஆண்டுதோறும் வரவு செலவுக் கணக்கை எல்லோருக்கும் அனுப்புவோம். பணம் தர இயலாதவர்கள் உண்ணிச்செடி பிடுங்க வாருங்கள். முள் கையைக் கிழிக்கும், முழுக்கைச் சட்டை போட்டு வாருங்கள். கையுறை எங்களிடம் இருக்கிறது.

அன்புடன்,
குழுவினர்