கொல்லைச் சுவரில் மாட்டியாச்சு

பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது.

ஆள் நடமாடினால் உன் போனுக்கு அறிவிப்பு அனுப்புமே, நீ அனுப்பிய அந்த இரண்டு சென்சாரும் சுவருக்குப் போய்விட்டன. எங்கே மாட்டினேன், எப்படி மாட்டினேன் என்று போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் உன் அம்மா வாங்கிக்கொள்கிறாள். அதனால்தான் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். நான் ஊரில் இல்லாத நேரம் அதைக் கழற்ற வேண்டி வந்தால் உனக்கோ மாப்பிள்ளைக்கோ விவரம் தெரிந்திருக்க வேண்டும், பொறுமையாகப் படி.

முதலில் அந்த இரட்டைப்பக்க டேப். பெட்டிக்குள் அழகாக மடித்து வைத்திருந்தார்கள், "ஒட்டினால் போதும்ப்பா" என்று நீயும் சொன்னாய். உன் பெங்களூரு பிளாட்டின் பெயின்ட் அடித்த சுவருக்கு அது சரி. நம் கொல்லைச் சுவர் வருஷா வருஷம் பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிக்கிற சுவர். அதில் டேப் ஒட்டுவது மாவு தூவிய தட்டில் ஸ்டிக்கர் ஒட்டுகிற மாதிரி. பசை பிடிப்பது சுண்ணாம்புத் தூளை, சுவரை அல்ல. சித்திரை வெயிலில் பசை இளகும், ஐப்பசியில் சுவர் ஓதம் ஏறும், எப்படியும் அது கீழேதான் கிடக்கும். ஸ்க்ரூ தவிர வேறு வழியில்லை.

ஸ்க்ரூவிலும் ஒரு சங்கதி இருக்கிறது. நம் வீடு பழைய நாட்டுச் செங்கல், சுண்ணாம்புக் காரை. இரண்டு கல்லுக்கு நடுவில் காரையில் துளை போட்டால் பொலபொலவென்று கொட்டும், ஸ்க்ரூவைப் பிடிக்கத் துளைக்குள் செருகுகிற பிளக் நிற்காது. கல்லின் நடுவில் போட வேண்டும். அதுவும் டிரில்லை இடித்துத் துளைக்கிற ஹாம்மரில் வைக்கக் கூடாது. இந்தக் கல் மெத்தென்றது, அதிர்ச்சியில் உள்ளுக்குள்ளேயே விண்டுவிடும், வெளியே தெரியாது. வெறும் சுற்றில் மெதுவாக இறக்கினேன், ஆறு எம்.எம். பிட். செம்மண் மாதிரிச் சிவப்பாகத் தூள் வந்தால் கல்லில்தான் போகிறாய் என்று அர்த்தம், வெள்ளையாக வந்தால் நிறுத்திவிடு. துளை போதுமா என்று ஒரு ஈர்க்குச்சியை விட்டு அளந்து, பிளக்கோடு வைத்துப் பார்த்தேன். அப்புறம் சைக்கிள் பம்பால் உள்ளே காற்றடித்துத் தூளை வெளியேற்றினேன். இதைத்தான் இப்போதைய பையன்கள் யாரும் செய்வதில்லை. தூள் மேல் உட்கார்ந்த பிளக் ஸ்க்ரூவோடு சேர்ந்து சுற்றுமே தவிரப் பிடிக்காது. நான் தொழிலுக்கு வந்த காலத்தில் ராவல் பிளக் ஏது, மரக்கட்டையைச் செதுக்கி அடிப்போம். மழையில் ஊறி, வெயிலில் சுருங்கி, இரண்டு வருஷத்தில் சுவிட்ச் பாக்ஸ் ஆட ஆரம்பிக்கும்.

பெட்டியில் வந்த ஸ்க்ரூவை நான் போடவில்லை. வேதாரண்யம் பக்கமிருந்து வரும் உப்புக்காற்று நம் ஊர் வரைக்கும் இரும்பைத் தின்கிறது, கொல்லைக் கதவுக் கீலைப் பார்த்திருப்பாய். திருத்துறைப்பூண்டி கடைத்தெருவில் எஸ்.எஸ். ஸ்க்ரூ, அதாவது துருப்பிடிக்காத எஃகு ஸ்க்ரூ, கேட்டேன், கடைக்காரர் பளபளவென்று ஒன்றை எடுத்து நீட்டினார். நான் பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றைப் பையில் வைத்திருந்தேன். பச்சென்று போய் ஒட்டிக்கொண்டது. 304 என்கிற நல்ல எஸ்.எஸ். ரகம் காந்தத்துக்கு அசையாது, அசைந்தாலும் லேசாகத்தான் இழுக்கும். "உள்ளே இருக்கிற டப்பாவை எடுங்க" என்றேன், சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தார்.

அடுத்தது இடம். வீட்டின் மேற்குச் சுவரில், கொல்லைக் கதவுக்கு மேலேயே வைக்கச் சொன்னாய். அங்கே வைக்கவில்லை. இந்தச் சாமான் ஆளைப் படம் பிடிப்பதில்லை, உடம்புச் சூடு ஒரு பக்கமிருந்து இன்னொரு பக்கம் நகர்வதைத்தான் பார்க்கிறது. குறுக்கே போகிறவனை உடனே பிடிக்கும், நேராக அதை நோக்கி வருகிறவனைத் தாமதமாகத்தான் பிடிக்கும். படலைத் திறந்துகொண்டு வருகிறவன் கொல்லைக் கதவை நோக்கி நேராக அல்லவா வருவான்? அது மட்டுமில்லை, மேற்குச் சுவரில் வைத்தால் மாலை வெயில் முழுக்க அதன் கண்ணில்தான். அதனால் பாதைக்குத் தெற்கே இருக்கிற விறகு அறைச் சுவரில், வடக்குப் பார்த்து, ஏழடி உயரத்தில், கொஞ்சம் தலை குனிந்த மாதிரி வைத்திருக்கிறேன். வருகிறவன் யாராக இருந்தாலும் அதன் முன்னால் குறுக்கே நடந்தாக வேண்டும். மேலே ஓட்டு இறவாரம் நிழல் கொடுக்கிறது.

முதல் ராத்திரி உனக்கு மணிக்கொரு தரம் அறிவிப்பு வந்ததே, அது திருடன் இல்லை, பல்லி. விளக்கு வெளிச்சத்துக்கு வரும் பூச்சியைப் பிடிக்க அந்தக் கண்ணாடி மேலேயே ஊர்ந்திருக்கிறது. கிட்டத்தில் ஊரும் பல்லி அதற்குத் தூரத்து ஆள் மாதிரிதான். பக்கத்தில் இருந்த பல்பை நான்கடி தள்ளி மாற்றிவிட்டேன், அடங்கிவிட்டது. பகலில் வந்த பொய் அறிவிப்புக்கு வாழைக்குத்து காரணம். வெயிலில் சூடான இலை காற்றில் ஆடினால் அதற்கு ஆள் ஆடுகிற மாதிரி. சென்சாரைக் கொஞ்சம் கிழக்கே திருப்பி வாழையைப் பார்வையிலிருந்து தள்ளிவிட்டேன். மரத்தை வெட்டச் சொன்னாயே, அந்தப் பேச்சை அம்மா காதில் போட்டுவிடாதே.

பெட்டியில் ஐபி 65 என்று போட்டிருக்கிறது, மழைக்கு ஒன்றும் ஆகாது என்றாய். ஆறு என்பது தூசு புகாது என்பதற்கு, ஐந்து என்பது குழாயில் பீய்ச்சுகிற தண்ணீரைத் தாங்கும் என்பதற்கு. வெயிலைப் பற்றி அந்த எண் ஒன்றும் சொல்வதில்லை. பிளாஸ்டிக் வெளுத்து நொறுங்குவதும் பேட்டரி சீக்கிரம் தீர்வதும் வெயிலால்தான். மழையிலும் நம் ஊர் மழை வேறு. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அடித்தபோது நீ சென்னை ஹாஸ்டலில் இருந்தாய். தண்ணீர் மேலிருந்து விழவில்லை, படுக்கை வசத்தில் வந்து ஜன்னல் சட்டத்துக்கு உள்ளே புகுந்தது. அதை நினைத்துத்தான் சுவருக்கும் சென்சாரைத் தாங்குகிற தட்டுக்கும் நடுவில் மேலேயும் இரண்டு பக்கமும் சிலிகான் வைத்தேன். கீழே மட்டும் வைக்கவில்லை. எங்காவது தண்ணீர் புகுந்தால் வெளியேற அந்த வழி வேண்டும். நாலு பக்கமும் அடைத்து, மேலே பாலிதீன் கவர் வேறு கட்டச் சொன்னார் பக்கத்து வீட்டுச் சித்தப்பா. கட்டினால் உள்ளேயே வேர்த்து நாசமாகும். கீழ் இடுக்கில் குளவி மண்கூடு கட்டுகிறதா என்று மட்டும் அவ்வப்போது பார்க்க வேண்டும்.

புயல் அறிவிப்பு வந்தால் இரண்டையும் கழற்றி அலமாரியில் வைத்துவிடுவேன், அப்போது "ஆஃப்லைன்" என்று காட்டினால் பதறாதே. கஜாவுக்கு அப்புறம் பல ஊர்களில் வாரக்கணக்கில் கரன்ட் இல்லை, அப்படி ஒரு நிலைமையில் இதெல்லாம் எந்த மூலைக்கு? சாதாரண கரன்ட் கட்டுக்கு ரவுட்டரை இன்வெர்ட்டர் லைனில் மாற்றிக் கொடுத்துவிட்டேன்.

இரண்டாவது சென்சாரைத் திண்ணையில் வைக்கச் சொன்னாய். வைக்க மாட்டேன். பால்காரர், கீரைக்காரம்மா, நடவு முடிந்து கரையேறுகிற பெண்டுகள் என்று நாள் முழுக்க ஆள் வந்து உட்காருகிற இடம் அது. உன் போன் விடாமல் கத்தும், ஒரு வாரத்தில் சத்தத்தை அணைத்துவிடுவாய், அப்புறம் கொல்லையில் எவன் நுழைந்தாலும் உனக்குத் தெரியாது. போகட்டும், அதையும் விடு. நம் திண்ணையில் உட்காருகிறவர்களை ஒரு சாமான் கணக்கெடுப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அதைச் சந்துப் பக்கம், போர் மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டிக்கு எதிரில் மாட்டியிருக்கிறேன். செம்புக் கம்பிக்காக ஒயரையே அறுத்துக்கொண்டு போகிற காலம், அங்கேதான் அதற்கு வேலை இருக்கிறது.

கோடையில் ஒன்று கவனிக்க வேண்டும். கத்திரி வெயில் மதியத்தில் சுவர், தரை, காற்று எல்லாமே உடம்புச் சூட்டுக்குப் பக்கத்தில் வந்துவிடும். அப்போது ஆள் நடந்தாலும் அதற்குச் சரியாக வித்தியாசம் தெரியாது. மதியத்தில் அறிவிப்பே வரவில்லை என்று சென்சாரைக் குறை சொல்லாதே, அம்மாவுக்கு ஒரு போன் போடு. ராத்திரியில் ஒழுங்காக வேலை செய்யும்.

கடைசியாக, கீழ் ஸ்க்ரூ சாதாரணத் திருப்புளிக்கு மசியாது. நட்சத்திரத் தலை, நடுவில் ஒரு முள் இருக்கும், எவனும் போகிற போக்கில் கழற்றக் கூடாதென்று போட்டேன். தட்டின் பின்துளையிலிருந்து சுவர்க் கொக்கிக்கு ஒரு மெல்லிய எஸ்.எஸ். கம்பியும் கட்டியிருக்கிறேன், முதலில் அதை அவிழ்க்க வேண்டும். அந்த ஸ்க்ரூவுக்கான பிட், என் டூல்ஸ் பையில் இல்லை, பரண் மேல் நீல பிஸ்கட் டின்னில் இருக்கிறது. பேட்டரி மாற்றி மூடும்போது ரப்பர் வளையத்தில் ஒரு மணல், ஒரு முடி கூட இல்லாமல் துடைத்துவிட்டு மூடு.

அப்பா