தர்கா நகரிலிருந்து மகனுக்கு

மகன்,

அஸ்ஸலாமு அலைக்கும். வீட்டில் எல்லோரும் சுகம். வாப்பாவுக்குச் சீனி கொஞ்சம் ஏறியிருக்கிறது, மருந்து குடிக்கிறார். நீ அனுப்பிய காசு வந்தது.

போனில் பேசினால் அவசரமாக வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன். நம் மார்க்கத்தை இழிவாகப் பேசியதற்காக, பொது பல சேனா என்ற பௌத்த தீவிர அமைப்பின் ஞானசார தேரருக்கு 2025 ஜனவரியில் கோர்ட் 9 மாதம் சிறை போட்டதிலிருந்து, நீ பேஸ்புக்கில் கோபமாக எழுதுவதையே தங்கச்சி பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் கிட்டப் போனால் போனைக் கவிழ்த்து வைக்கிறாள். நான் எதுவும் கேட்கவில்லை.

சிலாபத்து முஸ்லிம் கடைக்காரர் ஞாபகம் இருக்கிறதா? 2019 மே மாதம், ஈஸ்டர் குண்டுக்குப் பிறகு, ரொம்பச் சிரிக்காதே, ஒரு நாள் அழுவாய் என்று ஆங்கிலத்தில் ஒரு வரிதான் போட்டார். அதை மிரட்டல் என்று எடுத்துக்கொண்டு அன்றைக்கே சிலாபத்தில் நம் கடைகளையும் பள்ளிவாசல்களையும் அடித்தார்கள். மறுநாள் மினுவாங்கொடையில் கடைகள் எரிந்தன. அந்த ஒரு வரிக்கு அவ்வளவா? இல்லை மகன், சாட்டுக்குக் காத்திருந்தார்கள். நீ கட்டாரில் இருக்கிறாய். வாப்பாவின் கடை இங்கே ரோட்டோரத்தில் இருக்கிறது.

எழுதவே வேண்டாம் என்று சொல்லவில்லை. கொரோனாவில் நம் ஜனாஸாக்களை அடக்க விடாமல் எரித்தார்களே, 20 நாள் குழந்தையைக்கூட விடவில்லையே, அப்போது பொரளை கனத்தை மயானத்தின் வேலியில் எதிர்ப்பாக வெள்ளைத் துணி கட்டியதைப் பற்றி எழுதினாய். வாப்பா அதைப் பள்ளிவாசலில் எல்லோருக்கும் காட்டினார். அதில் ஒரு கெட்ட சொல் இல்லை. அப்படி எழுது. காவி கட்டினவன் எல்லாம் ஒன்றுதான் என்று எழுதாதே.

2014 ஜூன் 15ஆம் திகதி பொது பல சேனா பக்கத்து அளுத்கமயில் கூட்டம் போட்டது. ஊரடங்கு போட்ட பிறகும் நம் ஊரில் வீடுகள் எரிந்தன. அதே வாரம் நமக்காகப் பேசி வந்த வட்டரெக்க விஜித தேரர் பாணந்துறைப் பக்கம் கை கால் கட்டப்பட்டுக் கிடந்தார். அவரே செய்துகொண்டது என்று பொலிஸ் அவரையே பிடித்தது. அவரும் காவி கட்டிய ஹாமுதுருதான், மகன்.

உன் கோபம் எனக்குத் தெரியாதா? அன்றிரவு கட்டிலுக்கு அடியில் தங்கச்சியின் வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தவன் நீ. கோபப்படாதே என்று உன்னிடம் எந்த வாயால் சொல்வேன்? ஆனாலும் பார்த்து எழுது.

வெறுப்பைத் தூண்டி எழுதினார் என்று ஐ.சி.சி.பி.ஆர். சட்டத்தில் பிடித்தால் மஜிஸ்திரேட்டால் பிணை கொடுக்க முடியாதாம், மாமா சொன்னார். ரமழானுக்கு வருவதாகச் சொன்னாய். ஏர்போர்ட்டில் இறங்குவதற்கு முன் பேஸ்புக்கிலிருந்து எடுக்க வேண்டியதை எடுத்துவிடு. எடுத்ததும் தங்கச்சிக்கு ஒரு சொல் அனுப்பு, அவள் எனக்குச் சொல்வாள்.

உம்மா