ஆடுகளுக்குத் தடுப்பூசி போட வந்த எல்லோருக்கும் எங்கள் தெருக்காரர்களின் நன்றி

அன்புள்ள கால்நடை டாக்டரம்மாவுக்கும், வீடு வீடாக வந்து ஆடு மாடு வளர்ப்புக்கு உதவுகிற பசு சகி அக்காவுக்கும், மாரியம்மன் கோயில் திடலில் எங்களோடு நின்ற அத்தனை பேருக்கும் வணக்கம்.

சாகக் கிடந்த ஆட்டை எழுப்பிவிட்டால் டாக்டரைக் கையெடுத்துக் கும்பிடுவோம். நோயே எட்டிப் பார்க்காமல் போனால் யாருக்கு நன்றி சொல்வது என்று தோன்றாது, ஆடு பாட்டுக்கு மேயும், நாம் பாட்டுக்கு வேலைக்குப் போவோம். இந்த மழைக்காலத்தில் ஏரிக்கு அந்தப் பக்கம் ஆட்டுக்கொல்லி என்கிற தொற்று நோய் வந்து பட்டி பட்டியாக ஆடுகள் விழுந்தன. எங்கள் தெருக்களில் ஒன்றுகூட விழவில்லை. அது தானாக நடந்தது இல்லை. அதற்காக உழைத்தவர்களுக்கு நாலு பேர் அறிய நன்றி சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது ஆனேக்கல் தாலுகா, பெங்களூரின் தெற்கு ஓரம். தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கமிருந்து ஃபேக்டரிக்கும் கட்டட வேலைக்கும் வந்து தங்கிவிட்ட குடும்பங்கள்தான் இங்கே அதிகம். சம்பளம் வாடகைக்கும் மளிகைக்கும் சரியாகப் போய்விடும். பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ், திடீரென்று ஒரு ஆஸ்பத்திரிச் செலவு என்றால் கை போவது ஆட்டின் கயிற்றுக்குத்தான். வீட்டுக்கு மூன்று, நான்கு ஆடுகள். எல்லாம் பெண்கள் பொறுப்பு.

ஆட்டுக்கொல்லி ஊசியை அரசாங்கம் இலவசமாகவே போடுகிறது. ஆனாலும் எங்களை மாதிரி ஆட்களுக்கு அது எட்டாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. அந்த மருந்து உறையவைத்து உலர்த்திய தூளாக பாட்டிலில் வருகிறது. பெரிய பாட்டில் ஒன்றில் நூறு ஆட்டுக்கான மருந்து. 2 முதல் 8 டிகிரி குளிரிலேயே வைத்திருக்க வேண்டும். கரைத்துவிட்டால் ஐஸ் மேல் வைத்து இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடித்துவிட வேண்டும், மிச்சத்தை எடுத்துவைக்க முடியாது. ஒரு ஆட்டுக்கு 1 மில்லி, தோலுக்கு அடியில். நான்கு ஆடு வைத்திருக்கிற வீட்டுக்காக நூறு ஆட்டு மருந்தை யார் உடைப்பார்கள்? அவர்களையும் குறை சொல்ல முடியாது. நூறு ஆடு ஒரே இடத்தில், ஒரே காலையில் நிற்க வேண்டும். அதைச் செய்துகாட்டியவர்கள் நீங்கள்.

முதல் நன்றி பசு சகி அக்காவுக்கு. கன்னடம் பேசுகிறவர், எங்களுக்காகத் தமிழில் பேசினார். பகலில் வந்தால் வீடு பூட்டியிருக்கும் என்று விளக்கு வைத்த பிறகு வந்தார். எத்தனை ஆடு, எத்தனை குட்டி, எது சினை, குட்டிக்கு எத்தனை மாதம் என்று ஒவ்வொரு வீட்டிலும் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டார். மூன்று மாதம் ஆகாத குட்டிகளைத் தனியாகக் குறித்துவைத்தார். தாயின் சீம்பால் வழியாக வந்த எதிர்ப்புச் சக்தி உடம்பில் இருக்கும்போது ஊசி போட்டால் பிடிக்காது என்று அவர் விளக்கியதை இன்றைக்கு எங்கள் தெருப் பாட்டிகளே மற்றவர்களுக்குச் சொல்கிறார்கள். குட்டி போட்ட ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்க வைப்பதுதான் முதல் தடுப்பு மருந்து என்றும் அவர்தான் சொன்னார்.

ஊசிக்கு முன்னாலேயே குடற்புழு மருந்து கொடுத்தார்கள். கண்ணால் அளந்து ஊற்றாமல் ஆட்டை எடை போட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்பதில் கால்நடை ஆஸ்பத்திரி அண்ணன் கறாராக இருந்தார். குறைவாகக் கொடுத்தால் புழு சாகாது, அடுத்த முறை அந்த மருந்துக்கே அடங்காமல் போகும். கீழ் இமையை இறக்கிப் பார்த்து, உள்ளே சிவப்பு இல்லாமல் வெளிறியிருந்தால் புழு ரத்தத்தை உறிஞ்சுகிறது என்று கண்டுபிடிக்க எங்கள் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார். அவர்கள் இப்போது ஸ்கூல் விட்டு வந்ததும் ஆட்டின் கண்ணைத்தான் பார்க்கிறார்கள்.

டாக்டரம்மா, நீங்கள் ஞாயிற்றுக்கிழமை வந்தீர்கள். அன்றைக்குத்தான் எங்களுக்கு லீவு என்பதைத் தவிர வேறு காரணம் கிடையாது. ஊசி போட்டால் சினை கலைந்துவிடும், பால் வற்றிவிடும் என்று பயந்து ஆட்டை வீட்டிலேயே கட்டிவைத்தவர்களும் இருந்தார்கள். நீங்கள் அவர்களைத் திட்டவில்லை. வீடு வரைக்கும் நடந்துபோய் உட்கார்ந்து பேசினீர்கள். ஈனும் நிலையில் இருந்த ஆடுகளை இழுத்துப் பிடித்து மிரட்ட வேண்டாம், அப்புறம் போடலாம் என்று நீங்களே ஒதுக்கிவைத்தீர்கள். அதைப் பார்த்துத்தான் மற்றவர்களுக்கு நம்பிக்கை வந்தது. ஒரு நாள் லேசாகக் காய்ச்சல் இருக்கலாம், ஊசி போட்ட இடம் கொஞ்சம் தடிக்கலாம் என்று முன்னாலேயே சொன்னதும் நல்லதாயிற்று, யாரும் பதறவில்லை.

மீன் கடை அண்ணன் விடியற்காலையில் தெர்மாகோல் பெட்டி நிறைய ஐஸ் கொண்டுவந்து இறக்கினார், காசு வாங்கவில்லை. கோயில்காரர்கள் திடலைத் திறந்துவிட்டார்கள். ஊசி போட்ட ஆட்டின் கொம்பில் பெயின்ட் வைத்துக்கொண்டே வந்த பையன்களால்தான் எந்த ஆடும் இரண்டு முறை குத்துப்படவில்லை.

பக்ரீத்துக்காக ஆடு வளர்க்கும் பாய் வீட்டாருக்குத் தனியாக ஒரு நன்றி. சந்தையிலிருந்து வாங்கிவந்த ஆடுகளை மூன்று வாரம் தனியாகக் கட்டி, தனித் தொட்டியில் தண்ணீர் காட்டி, நோய் இல்லை என்று தெரிந்த பிறகுதான் ஏரிக்கரைக்கு ஓட்டினார்கள். இந்த நோய் ஆட்டின் மூக்குச் சளியிலும் கண்ணீரிலும் கழிச்சலிலும் இருந்து அடுத்த ஆட்டுக்குத் தொற்றுவது. புது ஆடு ஒன்று போதும், பட்டி முழுக்கப் பரவ. அவர்கள் பார்த்துக்கொண்டது அவர்கள் ஆட்டை மட்டுமில்லை, எங்கள் ஆட்டையும்தான்.

மழைக்கு முன்னால் துள்ளுமாரி என்கிற குடல் நச்சு நோய்க்கான ஊசியும் போட்டோம். முதல் தடவை என்பதால் இரண்டு வாரம் கழித்து இன்னொன்று. இது வருஷா வருஷம் போட வேண்டியது. மழைக்குப் பின் துளிர்க்கிற இளம்புல்லை வயிறு முட்ட மேய்ந்த கொழுத்த குட்டிதான் இதில் முதலில் போகும், ராத்திரி துள்ளிக்கொண்டிருந்தது காலையில் செத்துக் கிடக்கும். கல்யாண மண்டபத்தில் மிஞ்சிய சோற்றை அள்ளிவந்து ஆட்டுக்குக் கொட்டும் பழக்கம் நகரத்தில் நிறைய உண்டு. அதுவும் ஆபத்து என்று டாக்டரம்மா சொன்ன பிறகு எங்கள் தெருவில் அது நின்றுவிட்டது.

திடலுக்கு வராதவர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும். ஹெப்பால் கால்நடைக் கல்லூரியில் படிக்கிற நம்ம ஊர்த் தம்பி, எந்த மாதம் எந்த ஊசி என்று தமிழில் அட்டை எழுதிக் கொடுத்தார். அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்: ஆட்டுக்கொல்லி இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1987-ல், நம் விழுப்புரம் பக்கத்து அரசூரில். அதை ஆராய்ந்து உறுதிசெய்தவர்களில் ஒருவர் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் எம்.எஸ். ஷைலா. அரசூரில் எடுத்த கிருமியிலிருந்தே தமிழ்நாடு கால்நடைப் பல்கலைக்கழகம் ஒரு தடுப்பூசியை உருவாக்கியது. உத்தராகண்டின் முக்தேஸ்வரில் உள்ள கால்நடை ஆய்வகத்திலும் ஒன்று உருவானது. ஒரு முறை போட்டால் மூன்று வருஷமாவது தாங்கும். ஆடு வளர்க்கிற ஏழைகளுக்காக ஆய்வகத்தில் உட்கார்ந்து உழைத்த அந்த முகம் தெரியாதவர்களுக்கும் எங்கள் வணக்கம். இந்த நோயை 2030-க்குள் உலகத்திலிருந்தே ஒழிப்பதாகத் திட்டம் இருக்கிறதாம். மாட்டுக்கு வந்த வெக்கை நோயை 2011-ல் அப்படி ஒழித்தார்கள். இதுவும் நடக்கும் என்று நான் முழு மனதோடு நம்புகிறேன்.

முகாமுக்குப் பிறகு பிறந்த குட்டிகளுக்கு இப்போது மூன்று மாதம் தாண்டிவிட்டது. அன்றைக்கு ஒதுக்கிவைத்த ஆடுகளும் ஈன்று முடித்துவிட்டன. பசு சகி அக்கா மறுபடியும் நோட்டோடு வந்துகொண்டிருக்கிறார். பேர் கொடுக்காத வீட்டுக்காரர்கள் கொடுத்துவிடுங்கள், நூறு சேர்ந்ததும் டாக்டரம்மா வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஐஸுக்கு மீன் கடை அண்ணனிடம் இப்போதே சொல்லிவைத்துவிட்டோம்.

அன்புடன்,
ஆடு வளர்க்கும் வீடுகளின் சார்பில், எங்கள் தெரு மகளிர் குழு
ஆனேக்கல் தாலுகா, பெங்களூரு