முதலில் ஆற்றைக் கேளுங்கள், அப்புறம் டிக்கெட் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் இரண்டு பக்கம் வந்திருந்தது. ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு எல்லாம் வழக்கம்போல. கடைசியில், ஆற்றில் படகுப் பயணம் வேண்டுமென்றால் ஆந்திராவில் கோதாவரிக் கரையில் இருக்கிற ராஜமுந்திரிக்குப் போகலாம் என்று ஒரே ஒரு வரி, பக்கத்தில் இரண்டு மலைக்கு நடுவே படகு போகிற படம். அந்த ஒரு வரியைப் பற்றித்தான் எழுதுகிறேன். அதே மாதிரி ஒரு படத்தைப் பார்த்துவிட்டுத்தான் போன வருஷம் மே முதல் வாரத்தில் பெரம்பூரிலிருந்து நாங்கள் ஒன்பது பேர் கிளம்பினோம். என் மாமியாருக்கு 76 வயது, என் நாத்தனாரின் சின்னப் பையனுக்கு ஆறு.

ஊர் நல்ல ஊர், அதில் சந்தேகமே இல்லை. கோடையில் நம் பக்கத்து ஆறுகளை நம்பி வார இறுதியைத் திட்டமிட முடியாது. மேட்டூரை வழக்கமாகத் திறப்பது ஜூன் 12, அதுவரை டெல்டாவில் பாதி இடத்தில் காவிரி என்றால் மணல்தான். முட்டுக்காட்டில் படகு உண்டு, பிச்சாவரத்தில் உண்டு, ஆனால் அதெல்லாம் கழிமுகத் தண்ணீர். ஆற்றில் நாள் முழுக்கப் போகிற சுகம் வேறு. நம் சென்னையிலேயே ஒரு காலத்தில் பக்கிங்காம் கால்வாயில் படகேறி மாமல்லபுரம் போயிருக்கிறார்கள், பாரதிதாசன் அப்படிப் போய்ப் பாட்டே எழுதியிருக்கிறார். இப்போது அதே கால்வாய்க்குள் பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன. சரி, அது வேறு கதை.

ஆகவே கோதாவரி. சாயங்காலம் எழும்பூரில் சர்க்கார் எக்ஸ்பிரஸ் ஏறினால் விடிவதற்குள் ராஜமுந்திரி. வெள்ளி இரவு ரயில், சனிக்கிழமை படகு, ஞாயிறு ஊர் சுற்றல், ஞாயிறு இரவு திரும்ப ரயில் என்று நான்தான் ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். எவ்வளவு கச்சிதமாக இருக்கிறது பார் என்று எல்லாரிடமும் பெருமை வேறு அடித்துக்கொண்டேன். ரயில் டிக்கெட், ஓட்டல், வேன் எல்லாவற்றையும் கேட்டேன், கோதாவரியைப் பற்றி மட்டும் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வேனில் ஏறி, ஒரு மணி நேரத்துக்கும் மேல் போய், கண்டி போச்சம்மா கோயில் பக்கம் படகுத்துறையில் இறங்கினால் படகுகள் எல்லாம் வரிசையாகக் கயிற்றில் கட்டிக் கிடக்கின்றன. ஒரு டீக்கடைக்காரரைத் தவிர ஆள் இல்லை. அங்கே இருக்கும் கட்டுப்பாட்டு அறையில் விசாரித்தால், பலத்த காற்று எச்சரிக்கை, இன்றைக்குப் படகு இல்லை என்றார்கள். எப்போது சொன்னார்கள் என்று என் கணவர் அரைகுறைத் தெலுங்கில் கேட்டார். நேற்று சாயங்காலமே. நாங்கள் பணம் கட்டிய டிராவல்ஸ்காரரின் ஆளுக்கு அது தெரியும், எங்களுக்குச் சொல்ல மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. வேன் வாடகை ஓடட்டும் என்று நினைத்தாரோ என்னவோ.

அங்கே நின்றபோது எனக்கும் கோபம்தான். காற்றே இல்லையே அண்ணி, இலை கூட அசையவில்லையே என்று நாத்தனார் புலம்பினாள். மதியம் மூன்று மணிக்கு ஓட்டல் மாடியில் காயப்போட்டிருந்த துணியெல்லாம் பக்கத்துத் தெருவுக்குப் பறந்தபோது ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

கோதாவரியில் படகை நிறுத்துவது என்பது சும்மா சட்டத்துக்காகச் செய்கிற காரியம் இல்லை. 2019 செப்டம்பர் 15ஆம் தேதி இதே பாதையில், தேவிபட்டினம் அருகே கச்சுலூரு என்ற இடத்தில், ஆறு வெள்ளமாக ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்தது. படகில் எழுபதுக்கும் மேற்பட்டவர்கள், உயிரோடு மீட்கப்பட்டவர்கள் 26 பேர்தான். அடியில் போன படகை வெளியே எடுக்கவே ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அதற்கப்புறம்தான் படகுத்துறைகளில் இந்தக் கட்டுப்பாட்டு அறைகள் வந்தன. உங்கள் பக்கத்தில் அழகான படம் இருந்தது, இதைப் பற்றி அரை வரி இல்லை. ஜூலைக்கு மேல் வெள்ளம் வரும், அப்போது படகே விடமாட்டார்கள் என்பதும் இல்லை.

நல்லவேளை, ஞாயிறு கையில் இருந்தது. அதனால் திட்டத்தைத் தலைகீழாகத் திருப்பிச் சனிக்கிழமையே ஊரைச் சுற்றினோம். உண்மையைச் சொன்னால், அதுவே எனக்குப் படகைவிடப் பிடித்திருந்தது. ராஜமுந்திரி நமக்கு அந்நிய ஊர் இல்லை, சோழர்களுக்குச் சம்பந்தி வீடு. ராஜராஜன் மகள் குந்தவையை இந்தப் பக்கத்தை ஆண்ட வேங்கி நாட்டு விமலாதித்தனுக்குக் கொடுத்தார்கள். அடுத்த தலைமுறையில் ராஜேந்திர சோழன் மகள் அம்மங்கையை விமலாதித்தன் மகன் ராஜராஜ நரேந்திரனுக்கு. ஊரின் பெயரே அந்த நரேந்திரனிடமிருந்து வந்தது என்கிறார்கள். அவர்களுக்குப் பிறந்த பிள்ளைதான் 1070இல் சோழ நாட்டுக்கு வந்து முதலாம் குலோத்துங்கனாகச் சோழ சிம்மாசனத்தில் உட்கார்ந்தவர். என் மாமியார் கும்பகோணத்துக்காரர். இதைக் கேட்டதிலிருந்து, நம்ம பொண்ணு வாழப் போன ஊர் என்று ஆட்டோக்காரரிடம்கூடத் தமிழிலேயே பேச ஆரம்பித்துவிட்டார்.

ஊரிலிருந்து எட்டு கிலோமீட்டர் போனால் தவளேஸ்வரம். ஆங்கிலேய இன்ஜினியர் ஆர்தர் காட்டன் 1847இல் தொடங்கி 1852இல் முடித்த அணைக்கட்டு இருந்த இடம், பக்கத்திலேயே அவர் பெயரில் ஒரு அருங்காட்சியகம். அதே காட்டன்தான் அதற்கு முன்னால் நம் கொள்ளிடத்தில் முக்கொம்பிலும் அணைக்கரையிலும் கட்டினவர். நம் கல்லணையைப் பார்த்துக் கற்றுக்கொண்டுதான் மணலில் அஸ்திவாரம் போட்டார். கோதாவரிக்காரர்கள் அவருக்குச் சிலை வைத்து மாலை போடுகிறார்கள். சாயங்காலம் புஷ்கர் படித்துறையில் உட்கார்ந்தோம். 1900இல் திறந்து 1997இல் ரயிலை நிறுத்திவிட்ட பழைய ஹேவ்லாக் பாலம் ஆற்றின் குறுக்கே கிட்டத்தட்ட மூன்று கிலோமீட்டருக்கு அப்படியே நிற்கிறது. அதற்குப் பின்னால் சூரியன் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே மெயின் ரோட்டில் வாங்கி வந்த ரோஸ் மில்க்கைக் குடித்தோம். அடியில் பாலாடை மாதிரி ஏதோ தட்டுப்படும், அதைச் சின்னப் பையன் விரலை விட்டு எடுத்துத் தின்றான். ஒன்று சொல்ல வேண்டும், மே மாதத்தில் அங்கே யாராவது புலச மீன் என்று தட்டில் வைத்தால் நம்பாதீர்கள். தாலியை விற்றாவது தின்ன வேண்டும் என்று அவர்கள் சொல்கிற அந்த மீன், புது வெள்ளத்தை எதிர்த்து ஆற்றில் ஏறி வருகிற மழைக்காலத்து மீன்.

ஞாயிறு படகு கிளம்பியது. ஒன்பது மணிக்கு முன்பே ஏறியாகிவிட்டது. எல்லாருக்கும் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை கொடுத்தார்கள், பழைய வியர்வை வாசனையோடு. மேல் தளத்தில் சில இளைஞர்கள் செல்ஃபி எடுத்ததும் அதைக் கழற்றி நாற்காலியில் தொங்கவிட்டார்கள். படகோட்டி, வயது ஐம்பது இருக்கும், சத்தமே போடவில்லை. என்ஜினை அணைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இரண்டு நிமிடம் படகு தண்ணீரில் மெல்லத் திரும்பிக்கொண்டே இருந்தது. கடைசி ஆள் கொக்கியை மாட்டிய பிறகுதான் என்ஜின். எங்கள் பையனுக்குக் கொடுத்த சட்டை பெரியவர்கள் அளவு, காது வரை ஏறியது. சின்ன அளவு கேட்டு வாங்க ஐந்து நிமிடம் ஆனது, ஆனால் கேட்டால் கிடைக்கிறது.

அப்புறம் நாள் முழுக்க ஆறு. கோதாவரியில் கட்டுகிற போலவரம் அணைக்காகக் காலி செய்துவிட்டுப் போன ஊர்களின் கூரையில்லாத வீடுகள் கரையில் தெரிகின்றன, அதைக் கடக்கும்போது படகில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது எனக்கு என்னவோ போல் இருந்தது. பாபிகொண்டலு மலைகள் நெருங்கி வர வர ஆறு குறுகி, பச்சையாகி, இரைச்சல் அடங்கிவிடுகிறது. பேரண்டாலபள்ளி என்ற கரையோர ஊரில் இறக்கிவிடுகிறார்கள்; சின்ன சிவன் கோயில், கொண்டரெட்டிப் பழங்குடி மக்கள் மூங்கிலில் செய்து விற்கிற பூக்கூடைகள். வெயில் கொளுத்தியது, மாமியார் இறங்கவில்லை. அடுத்த முறை என்றால் ஏப்ரல் முதல் பாதி, அதற்கு மேல் வயதானவர்களைக் கூட்டிப்போக மாட்டேன்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஆற்றங்கரை ஊர் எதைப் பற்றிப் போட்டாலும், எந்த மாதத்தில் படகு ஓடும், எப்போது நிற்கும், முதல் நாள் யாருக்குப் போன் செய்து கேட்க வேண்டும் என்று மூன்று வரி சேர்த்துப் போடுங்கள். படத்தைக் கொஞ்சம் சின்னதாக்கினால் இடம் கிடைத்துவிடும். படிக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: படகு நாளுக்குப் பின்னால் ஒரு நாளைக் காலியாக விடுங்கள். எங்களுக்கு அது தற்செயலாக அமைந்தது. சனி இரவே திரும்புகிற மாதிரி டிக்கெட் போட்டிருந்தால் கோதாவரியைப் படித்துறையிலிருந்து பார்த்துவிட்டு வந்திருப்போம். பணம் கட்டும்போதே, படகு போகாவிட்டால் எவ்வளவு திரும்ப வரும் என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். வாயால் சொன்னதை நம்பினால் எங்கள் கதிதான்.

சனிக்கிழமை வேன் வாடகை இன்றுவரை வரவில்லை. வருஷம் திரும்பப் போகிறது. என் நாத்தனார் மாதம் ஒரு தடவை அந்த டிராவல்ஸ்காரருக்குப் போன் செய்கிறாள், அவரும் அடுத்த வாரம் அம்மா என்கிறார்.

இப்படிக்கு,
பெரம்பூர் வாசகி,
சென்னை